அலமாரிக் காட்சியும் ஒரு கண்ணாடித் துணியும்

பேய்ப் படம் பார்க்கிறவர்களில் பயப்படுகிறவர்கள் ஒரு வகை, பயப்படாதவர்கள் ஒரு வகை என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மூன்றாவதாக ஒரு வகை உண்டு. பயம் வருமா வருமா என்று காத்திருந்து, அது வராத ஏமாற்றத்திலேயே காலம் தள்ளுகிறவர்கள். பேய்ப் பட ரசிகர்கள்.

அடையாளம் கேட்டுக்கொள்ளுங்கள். திரையரங்கில் நடைபாதை ஓரத்து இருக்கையைத்தான் கேட்டு வாங்குவார். உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றுவார். கைபேசியை அணைப்பார். சட்டைப்பையிலிருந்து மூக்குக் கண்ணாடி துடைக்கிற சாம்பல் நிறத் துணியை எடுத்து, இஸ்திரி போட்டதுபோல் வலது தொடையில் விரித்து வைப்பார். எத்தனையோ வருடங்களாக, எத்தனையோ படங்களில், இது தவறியதே கிடையாது. விளக்கு அணைந்ததும் பக்கத்து இருக்கைக்காரர் பக்கம் லேசாகச் சாய்வார். அவர் முன்பின் தெரியாதவராக இருந்தாலும் பரவாயில்லை.

"சும்மா பாத்து வைப்போமேன்னு வந்தேன். எதிர்பார்ப்பெல்லாம் ஒண்ணும் இல்ல."

எதிர்பார்ப்பு இல்லாத மனிதர் முதல் நாள் முதல் காட்சிக்கு எதற்கு அலுவலகத்துக்கு வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு வந்தார்? அதெல்லாம் கேட்கக்கூடாது.

இந்த இனத்துக்குப் பழுதில்லாத எடுத்துக்காட்டாக ஒருவர் இருக்கிறார். அவரை மச்சான் என்றே வைத்துக்கொள்வோம். ஏனென்றால் இந்த விவகாரத்தில் அகப்பட்டுக்கொண்டவருக்கு அவர் மச்சான். அகப்பட்டவர் அவருடைய தங்கையின் கணவர், அதாவது மாப்பிள்ளை. சினிமாவுக்குச் சத்தம் செய்கிறவர்.

சத்தம் செய்கிறவர் என்றால் இசையமைப்பாளர் என்று எண்ணிவிடாதீர்கள். படத்தில் ஒருவர் படியேறினால் அந்தக் காலடி, கதவு திறந்தால் அந்தக் கிறீச், குழாய் சொட்டினால் அந்தச் சொட்டு, எல்லாம் இவர் கைவேலை. இவருடைய வேலை அறைக்குள் நுழைந்தால் வீடு காலி செய்கிறவர்கள் சாமானைப் பாதியில் விட்டுப் போனதுபோல் இருக்கும். எலும்பு முறிய வேண்டுமானால் முட்டைக்கோஸ் தண்டு, பிணத்தைத் தரையில் இழுக்க வேண்டுமானால் ஈரத்துண்டு, வௌவால் பறக்க வேண்டுமானால் ஒரு ஜோடி தோல் கையுறை. பேய் நடந்துவர? பேய் நடந்தால் சத்தம் வருமா என்று நீங்கள் கேட்கலாம். தயாரிப்பாளர்கள் கேட்பதில்லை. "நல்லா கனமா நடக்கட்டும் தம்பி" என்றுதான் சொல்வார்கள்.

விடுமுறை நாளில் மச்சான் தங்கை வீட்டுக்குச் சாப்பிட வருவார். கை கழுவி உட்கார்ந்து, முதல் கவளம் வாய்க்குள் போவதற்கு முன்பே கச்சேரி தொடங்கிவிடும்.

"இப்ப வர்ற பேயெல்லாம் பேயா மாப்ள?"

இந்தக் காலத்துப் பேய்க்கு முதலில் ஒரு பின்கதை வேண்டும், பின்கதையில் ஓர் அநியாயம் வேண்டும், அநியாயத்துக்கு ஒரு சோகப் பாட்டு வேண்டும், பாட்டு முடிவதற்குள் நமக்கே பேயின்மேல் இரக்கம் பொங்கி, அது யாரைக் கொல்ல வந்ததோ அந்த ஆளை நாமே கையைக் கட்டி ஒப்படைத்துவிடலாம் என்று தோன்றிவிடும், கடைசியில் அந்தப் பேய் எல்லாரையும் நிற்கவைத்துச் சமூகத்துக்கு ஒரு நல்ல கருத்தைச் சொல்லிவிட்டு, சிரித்த முகத்தோடு வெளிச்சத்தில் கரைந்துபோகும் என்பது அவருடைய முதல் குற்றச்சாட்டு. கருத்து சொல்கிற பேய்க்கு யார் பயப்படுவார்?

"போன மாசம் ஒண்ணு வந்துச்சே, வீடியோ கால்ல வர்ற பேய். சிக்னல் இல்லாட்டி அது என்ன பண்ணும்? மொட்டை மாடிக்கு ஏறுமா?"

"அண்ணா, சாப்பிடு."

"அதுக்கு முன்னாடி வந்ததுல பேயே இல்லம்மா. கடைசி வரைக்கும் இல்ல. கேட்டா, துக்கம்தான் பேயாம். துக்கத்தப் பாக்கிறதுக்கு எனக்கு எதுக்கு டிக்கெட்? ஆபீசுக்குப் போனா போதுமே!"

லிஃப்டில் பேய் வருகிற படமாக இருந்துவிட்டால் அன்றைக்குச் சாப்பாடு ஆறிப்போகும். காரணம், மச்சானுக்கு உத்தியோகமே லிஃப்ட் பராமரிக்கிற கம்பெனியில்தான். மெக்கானிக்குகளுக்கு மேற்பார்வையாளர். "ரெண்டு மாடிக்கு நடுவுல லிஃப்ட் நின்னா கதவு தானாத் தெறக்காது மாப்ள. பேயா இருந்தாலும் சாவி வேணும்." அந்தக் கம்பெனியில் அவருக்கு ஆவி என்று பட்டப்பெயர். லிஃப்டின் அடிக்குழிக்குள் இறங்கத் தயங்குகிற புது மெக்கானிக்கிடம் மற்றவர்கள், "பயமா இருக்குன்னு மட்டும் ஆவி சார் காதுல விழ வெச்சிடாதே" என்பார்கள். பையன் உடனே இறங்கிவிடுவான். மச்சானின் தைரியத்தில் ஒரு கம்பெனியே ஓடிக்கொண்டிருந்தது என்று சொன்னால் அது கொஞ்சம்தான் மிகை.

"எல்லாமே மோசம்னா, ஒண்ணுவிடாம ஏன் போய்ப் பாக்கிறே?" என்று தங்கை கேட்பாள்.

"யாராவது பாக்கணும்ல?"

பார்த்துவிட்டு வந்து கைபேசியில் பேசி விமர்சனத்தைக் குரல்பதிவாக அனுப்புவார். முதலில் குடும்பக் குழு, பிறகு அலுவலகக் குழு, அங்கிருந்து யார் யார் கைக்கோ போய், முன்பின் அறியாத ஊர்களில் எல்லாம் அவர் குரல் ஒலித்துக்கொண்டிருந்தது. எல்லா விமர்சனமும் ஒரே மாதிரிதான் முடியும். "மொத்தத்துல, பயம் வரல."

மாப்பிள்ளை இதையெல்லாம் சிரித்துக்கொண்டு கேட்பவர்தான். ஆனால் ஒரு விஷயத்தில் மச்சான்மேல் அவருக்கு உண்மையான மரியாதை இருந்தது. சத்தத்தைப் பற்றி அவர் சொல்கிற குறை மட்டும் தப்பியதே இல்லை. "பேய் வர்றதுக்கு முன்னாடி ஒரு உறுமல் வந்துச்சே, அது சீக்கிரமா ஆரம்பிச்சிடுச்சு." சரியாக இருக்கும். "நகத்தால சுவத்தைக் கீறுறதுக்கு முன்னாடி மூச்சு விட்டிருக்கணும்." சரியாக இருக்கும். படம் பார்த்துவிட்டு வந்து கதாநாயகியைப் பற்றிப் பேசுவார்கள், கதையைப் பற்றிப் பேசுவார்கள். சத்தத்தை இவ்வளவு நுணுக்கமாகக் கவனித்துப் பேசுகிற ஒரு மனிதரை மாப்பிள்ளை தன் தொழிலில்கூடச் சந்தித்ததில்லை. பேய் முகத்தைப் பற்றி மச்சான் ஏன் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை என்று அவருக்குத் தோன்றியிருக்கலாம். தோன்றவில்லை. நம்மைப் புரிந்துகொள்கிற ஒருவர் கிடைத்துவிட்டால் நாம் அவரைச் சந்தேகிப்பதில்லை.

அந்த மரியாதைதான் வினையாகப் போனது.

மாப்பிள்ளை வேலை செய்துகொண்டிருந்த ஒரு பேய்ப் படத்தில் ஓர் அலமாரிக் காட்சி. ஒரு பெண் போர்வை தேடி அலமாரியைத் திறக்கிறாள், எடுக்கிறாள், மூடுகிறாள். கேமரா மெதுவாக மேலே போகிறது. அலமாரிக்கு மேலே ஒன்று இருக்கிறது. அவ்வளவுதான். அந்த இடத்தில் எல்லாப் படங்களிலும் வருகிற டமாரை மாப்பிள்ளை வைக்கவில்லை. அதற்குப் பதிலாக, அதுவரை அறையில் லேசாகக் கேட்டுக்கொண்டிருந்த கடிகாரம், மின்விசிறி, பக்கத்து வீட்டுக் குழாய்ச் சொட்டு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டார். சத்தமே இல்லை. வாழ்நாள் முழுவதும் பிறத்தியார் காலடிக்குச் சத்தம் கொடுத்த மனிதர் முதன்முதலாகத் தன்னுடையது என்று ஒன்றைச் செய்திருந்தார். அது ஒன்றுமில்லாததாக இருந்தது.

தயாரிப்பாளருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"தம்பி, ஸ்பீக்கர் ஏதும் போச்சா?"

"இல்லண்ணே. அப்படித்தான்."

"அப்படித்தான்னா? டிக்கெட் வாங்கினவன் சீட்லேர்ந்து குதிக்கணும்பா. குதிக்காட்டி அவனுக்கே எப்படித் தெரியும், பேய்ப் படம் பாத்தோம்னு?"

வாரக்கணக்கில் வாக்குவாதம். கடைசியில் மாப்பிள்ளையேதான் வாயைக் கொடுத்தார். "என் மச்சான் பாக்கட்டும்ணே. அவர் சரியில்லைன்னா நீங்க சொல்ற சத்தத்தையே போட்டுடறேன்." தயாரிப்பாளர் யோசித்தார். அந்தக் குரல்பதிவுகள் அவர் வீட்டிலும் ஓடுகின்றன. எதற்குமே மயங்காத ஆள் என்று பெயர் வாங்கியவர். "அவரு சரின்னுட்டா, நான் தொடமாட்டேன்" என்று கையில் அடித்துக் கொடுத்தார்.

வெளியீட்டுக்கு முன்பு ஒரு பிற்பகலில், ஒரு சின்ன அரங்கில், தெரிந்தவர்களுக்கு மட்டும் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். மச்சான் ஓரத்து இருக்கையில், தொடையில் துணியோடு. பக்கத்தில் தங்கை. மாப்பிள்ளை பின்னால் படம் ஓட்டுகிற அறையில் நின்றார். அங்கிருந்து வெறும் தலைகள்தான் தெரியும். அதற்காகவே இப்படிப்பட்ட காட்சிகளில் இருக்கைகளுக்கு அடியில் சின்ன ஒலிப்பதிவுக் கருவிகளை வைத்துவிடுவது அவர் வழக்கம். படத்தின் சத்தத்துக்குச் சனங்கள் என்ன சத்தம் கொடுக்கிறார்கள் என்று பிறகு கேட்டுப் பார்ப்பார். யார் இருமினார், யார் நெளிந்தார், எங்கே பொட்டலத்தைப் பிரித்தார்கள், எல்லாம் அதில் வந்துவிடும்.

படம் முடிந்து விளக்கு எரிந்தது. முன்கூடத்தில் தயாரிப்பாளர் நேராக மச்சானிடம் வந்தார்.

"சொல்லுங்க சார். அந்த அலமாரி சீன்?"

மச்சான் ஒரு நெடிய மூச்சு விட்டார்.

"அலமாரி சீன்…"

"ஆமா. அதான்."

"எடுத்த விதமெல்லாம் சரி. ஆனா ஏதோ ஒண்ணு குறையுது."

"எது சார்?"

மச்சான் தயாரிப்பாளரின் கண்ணையே பார்த்தார். "உங்களுக்கே தெரியும்."

இதைவிடப் பத்திரமான விமர்சனம் உலகத்தில் உண்டா? எந்தப் படத்துக்கும், எந்தக் காட்சிக்கும் பொருந்தும். கேட்கிறவர் மனதில் ஏற்கெனவே என்ன இருக்கிறதோ அதை எடுத்து அவர் கையிலேயே கொடுத்துவிடும். தயாரிப்பாளர் மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். "கேட்டியா தம்பி? குறையுதாம்!"

மாப்பிள்ளைக்கு முகம் செத்துப்போனது. மச்சான் அவர் தோளில் கை போட்டார். "மனசுல வெச்சுக்காதீங்க மாப்ள. சொந்தம் வேற, கலை வேற. உண்மையச் சொல்லித்தானே ஆகணும்?"

அன்று சாயங்காலம் வீட்டில் மாப்பிள்ளை அந்தப் பதிவைப் போட்டுக் கேட்டார். மனைவி பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். இருமல், இருக்கை முனகல், யாரோ யாரிடமோ கழிவறை எந்தப் பக்கம் என்று விசாரிப்பது. அலமாரிக் காட்சி நெருங்கியது. கடிகாரம் நின்றது. விசிறி நின்றது. சொட்டு நின்றது. அரங்கமும் நின்றது. இருமல் இல்லை, நெளிவு இல்லை, பொட்டலம் இல்லை. அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. இதற்குத்தானே இத்தனை பாடும்?

அந்த மௌனத்துக்குள் ஒரு சின்னச் சத்தம்.

கீச். கீச். கீச்.

"என்ன இது? சீட் ஏதாவது சரியில்லையா?"

மனைவி காது கொடுத்தாள். "அது எங்க அண்ணன் கண்ணாடி துடைக்கிற சத்தம்ங்க."

"பேய் வர்ற நேரத்துலயா?"

"பேய் வர்ற நேரத்துலதான்" என்றாள் அவள், தலையணை உறையை உதறியபடி. "சின்ன வயசுல போர்வையை இழுத்து மூடிக்குவாரு. கண்ணாடி போட்டதுக்கு அப்புறம் துணி. டமார்னு ஒரு சத்தம் வரும்ல, அது முடிஞ்சதும் மாட்டிக்குவாரு."

மாப்பிள்ளை பதிவை மறுபடி ஓட்டினார். அலமாரிக் கதவு திறந்ததும் கீச் தொடங்கியது. மௌனம் வந்தது; கீச் நிற்கவில்லை. அலமாரிக் காட்சி முடிந்து, அந்தப் பெண் சமையலறையில் தண்ணீர் குடித்து, மறுநாள் விடிந்து, பால்காரர் வந்துபோகும்வரைக்கும் கீச் நிற்கவே இல்லை. ஆபத்து தீர்ந்தது என்று அறிவிக்கிற டமாருக்காக மனிதர் பாவம் துடைத்துக்கொண்டே காத்திருந்திருக்கிறார். படத்தில் ஒரு தொலைபேசி மணி அடித்ததும் இருக்கை அதிர்கிற சத்தம் கேட்டது. அப்புறம்தான் கண்ணாடி மாட்டப்பட்டது.

"அப்போ, உங்க அண்ணன் இதுவரைக்கும் ஒரு பேயைக்கூடப் பாத்ததில்லையா?"

"ஒரு தடவை பாத்திருக்காரு. தெரியாத்தனமா. துணி கீழே விழுந்துடுச்சு." அவள் யோசித்தாள். "அதுக்கப்புறம் ரொம்ப நாள் லைட்டைப் போட்டுக்கிட்டுத்தான் தூங்கினாரு."

"இத்தனை வருஷம் எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கல. அவரு பேசும்போது உங்க மூஞ்சி அவ்வளவு பிரகாசமா இருக்கும்."

மறுநாள் காலை மாப்பிள்ளை லிஃப்ட் கம்பெனிக்கே போய்விட்டார். உதிரிப்பாகங்கள் அடுக்கிய அறையில், கம்பிவடச் சுருள்களுக்கு நடுவே மச்சான் ஒரு மெக்கானிக்கைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். "நேர்ல பாக்காம எப்படிய்யா சரியா இருக்குன்னு எழுதிக் குடுத்தே?" மெக்கானிக் தப்பித்தோம் என்று வெளியே போனான். மாப்பிள்ளை காதுக்கருவியை மச்சான் தலையில் மாட்டினார்.

மச்சான் கேட்டார். முதலில் நெற்றி சுருங்கியது, பிறகு காது சிவந்தது. கழற்றி மேசைமேல் வைத்தார். கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார்.

"வெளிய யாருக்கும் தெரிய வேணாம் மாப்ள. இவனுங்க குழியில இறங்கணும்."

"தெரிய வேணாம் மச்சான். தயாரிப்பாளருக்கு மட்டும் ஒரு ஃபோன் போடுங்க. 'நான் பாக்கல'ன்னு சொல்லுங்க. அது போதும். நாளைக்குக் கடைசி ஒலிக்கலவை."

"பாக்கலன்னு…"

"ரெண்டே வார்த்தை."

மச்சான் மேசையிலிருந்த ஒரு போல்ட்டை எடுத்து உருட்டினார். பாவம், அவரையும் நினைத்துப் பாருங்கள். அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லிவிட்டால் அவரிடம் மிஞ்சுவது என்ன? ஓர் ஓரத்து இருக்கையும் ஒரு சாம்பல் துணியும். "சாயங்காலம் சொல்லிடறேன் மாப்ள. உங்க உழைப்பு அது. நான் உங்களுக்குப் பட்ட கடன்னு வெச்சுக்கங்க."

சாயங்காலம் அழைக்கவும் செய்தார். அதில் குறை சொல்ல முடியாது.

"சார், அந்த அலமாரி சீனைப் பத்தி…"

"நானே கூப்பிடணும்னு இருந்தேன் சார்!" என்றார் தயாரிப்பாளர். "நீங்க சொன்ன குறையைச் சரி பண்ணப் போறோம். படம் ஆரம்பிக்கிறப்போ நன்றின்னு போடுவோம்ல, அதுல முதல் பேரு உங்களுது. இனிஷியலோட போடணுமா, இல்லாமலா?"

மறுமுனையில் ஒரு மௌனம். மாப்பிள்ளை செய்த மௌனத்தைவிட நீளமானது.

"இனிஷியலோட" என்றார் மச்சான்.

படம் வெளிவந்தது. அலமாரிக் காட்சியில், தகரக் கொட்டகைமேல் லாரி கவிழ்ந்ததுபோல் ஒரு டமார். அதையும் மாப்பிள்ளைதான் செய்து கொடுத்தார். பழைய இரும்புப் பீப்பாயும் சம்மட்டியும். சனங்கள் குதித்தார்கள். குதித்துவிட்டுச் சிரித்தார்கள். மச்சான் டமார் முடிந்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். மறுநாள் காலையில் குரல்பதிவு வந்தது:

"இப்ப வர்ற படத்துக்கெல்லாம் ஒரே வியாதி, சத்தம். அந்த அலமாரி சீன்ல எதுக்குங்க அவ்வளவு பெரிய டமார்? அந்த இடத்துல சத்தமே இல்லாம விட்டிருந்தா எப்படி இருந்திருக்கும்! சும்மா விடுறதுக்குத் தைரியம் வேணும். நம்ம ஆளுங்ககிட்ட அது இல்ல. மொத்தத்துல, பயம் வரல."

மாப்பிள்ளை வேலை அறையில் ஈரத்துண்டைப் பிழிந்துகொண்டே இதைக் கேட்டார். சொன்னதெல்லாம் சரியாகத்தான் இருந்தது. சத்தத்தைப் பற்றி மச்சான் சொல்வது என்றைக்குத் தப்பியது?

உங்களுக்கு இப்போது மாப்பிள்ளைமேல் இரக்கமாக இருக்கும். அவ்வளவு அருமையான காட்சியை ஒரு பீப்பாயை வைத்துக் கெடுத்துவிட்டார்களே என்று கோபம்கூட வந்திருக்கும். நியாயம்தான். ஆனால் அலமாரிக்கு மேலே என்ன இருந்தது என்று இதுவரை உங்களிடம் யாரும் சொல்லவில்லையே? நீங்கள் கேட்கவும் இல்லையே? பார்க்காத ஒரு காட்சியை அருமையானது என்று எந்த இடத்தில் முடிவு கட்டினீர்கள்? எதற்கும் ஒருமுறை உங்கள் வலது தொடையைத் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மச்சான் இன்னும் விடுமுறை நாளில் சாப்பிட வருகிறார். கை கழுவி உட்காருகிறார். மாப்பிள்ளை எதிரே உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் அவர் முகத்தையே பார்க்கிறார். மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிடுகிறாள், விசிறியைக்கூட நிறுத்திவிடுகிறாள். அந்த இரண்டு வார்த்தையைச் சொல்வதற்கு அதைவிட நல்ல மௌனத்தை எந்த ஒலிக்காரராலும் செய்து தர முடியாது. மச்சான் கண்ணாடியைக் கழற்றுகிறார். பையிலிருந்து துணியை எடுக்கிறார்.

கீச். கீச்.

"இப்ப வர்ற பேயெல்லாம்…" என்று தொடங்குகிறார். கடன் அப்படியே நிற்கிறது.